இண்டிகேட்டர் வேகமாக அடிக்கிறதா? ஸ்விட்சை விடுங்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்

வாசகர் கேள்விகள்: உங்கள் கார், எங்கள் பதில்

வடசென்னை வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இண்டிகேட்டர் பற்றியவை. மழைக்காலம் முடிந்த கையோடு இந்தப் புகார் கிளம்பும், அது சகஜம்தான். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணே, எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடப் பழைய சின்ன கார் இருக்கிறது. இடது பக்க இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் டிக் என்று ரொம்ப வேகமாக அடிக்கிறது. பின்பக்கப் பல்பு மாற்றினேன், சில நாள் ஒழுங்காக இருந்தது, மறுபடியும் அதே கதை. டிக்கியை ஓங்கிச் சாத்தினால் சரியாகிவிடுகிறது! மெக்கானிக் காம்பினேஷன் ஸ்விட்சையே மாற்றணும் என்கிறார். வீட்டிலேயே பார்க்க முடியுமா? (திருவொற்றியூர் வாசகர்)

முடியும் தம்பி. ஸ்விட்சுக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். டிக்கியைச் சாத்தினால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. காம்பினேஷன் ஸ்விட்ச் என்பது இண்டிகேட்டர் லீவர் இருக்கிற ஸ்விட்ச், அது இருப்பது ஸ்டீயரிங்குக்குக் கீழே. டிக்கியில் விழுகிற அடி அங்கே போய் எதையும் சரிசெய்யாது. கோளாறு பின்னால்தான், பல்பு ஹோல்டரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. எர்த் என்றால் பல்புக்கு வந்த கரண்ட் காரின் இரும்புப் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி.

வேகமாக அடிப்பது ஏன் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் யாரும் உங்களிடம் தேவையில்லாத பார்ட்ஸ் விற்க முடியாது. முன்னால் 21 வாட் பல்பு ஒன்று, பின்னால் 21 வாட் பல்பு ஒன்று, பக்கவாட்டில் 5 வாட் குட்டிப் பல்பு ஒன்று, பெரும்பாலான சின்ன கார்களில் ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கிற பிளாஷர் ரிலே தன் வழியாகப் போகிற கரண்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு 21 வாட் பல்பு எரியாமல் போனால் கரண்ட் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். உடனே ரிலே ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் அடித்து, ஒரு பல்பு போச்சு, இறங்கிப் பார் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லும். வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள், ரிலேயில் குறை எதுவும் இல்லை. பக்கவாட்டுப் பல்பு வெறும் 5 வாட் என்பதால் அது போனால் பல கார்களில் வேகம் மாறாது, ஒருவருக்கும் தெரியாமலே மாதக்கணக்கில் இருட்டாக ஓடும். அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இஞ்சின் ஓட வேண்டாம், இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். பின்பக்கம் எரியவே இல்லையா, அல்லது எரிகிறது ஆனால் மங்கலாக இருக்கிறதா? மங்கல் என்றால் எர்த் என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிடலாம். எரியவே இல்லை என்றால் பல்பு, ஹோல்டர், ஒயர், எர்த் எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. மூன்றும் நல்ல வெளிச்சமாக எரிந்தும் வேகமாக அடித்தால், நீங்கள் வாங்கிய புதுப் பல்பைக் கையில் எடுத்து அதன் பித்தளை அடிப்பகுதியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். டூவீலருக்கு வருகிற 10 வாட் பல்பும் சில கார் ஹோல்டரில் ஒழுங்காகப் போய் உட்காரும். கடையில் அவசரத்தில் அதைக் கொடுத்திருந்தால் கரண்ட் குறைந்து, பல்பு போன மாதிரியே ரிலே அடிக்கும். 12 வோல்ட், 21 வாட் என்று இருக்க வேண்டும். பல்பின் இரண்டு பக்கக் காதுகளும் நேருக்கு நேர் இருக்கின்றனவா, கொஞ்சம் கோணலாக இருக்கின்றனவா என்று பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஆம்பர், அதாவது ஆரஞ்சு மஞ்சள் நிறப் பல்புகளில் காது கோணலாகத்தான் இருக்கும், வெள்ளைப் பல்பைத் தப்பாகப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக.

இப்போது லைட்டைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் சாவியை ஆஃப் செய்து பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். டிக்கியைத் திறந்தால் பின்பக்க லைட்டைப் பிடித்திருக்கிற ஸ்குரூவோ நட்டோ தெரியும். அதை எடுத்துவிட்டு லைட்டை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், நெம்பினால் பிளாஸ்டிக் காது உடையும். ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும்.

வந்ததும் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். திருவொற்றியூரில் கடல் காற்று படும் இடத்தில் நிறுத்துகிற வண்டி என்றால் உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும், நடுவில் பல்பைத் தாங்குகிற தகடு கறுத்து, ஸ்பிரிங் அமுங்கிப் போய் திரும்பி எழும்பாமல் இருக்கும். பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு குழி விழுந்திருக்கும். புதுப் பல்பு போட்டதும் சில நாள் ஓடியது இதனால்தான். மாற்றும்போது திருகிய திருகலில் களிம்பு கொஞ்சம் உரசிப் போய் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. மெல்லிய உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றி உள்ளே விட்டுத் தேயுங்கள், பித்தளை பளிச்சென்று தெரியும்வரை. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருந்தால் அதையும் அடித்துக் காயவிடுங்கள். அமுங்கிய தகட்டைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மெல்ல மேலே தூக்கிவிடுங்கள்.

அப்புறம் எர்த். ஹோல்டரிலிருந்து போகிற ஒயர்களில் ஒன்று, பெரும்பாலான கார்களில் கறுப்பு, டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் போய் ஒரு வளையத்தோடு பாடியில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். எல்லோரும் மறந்துபோகிற இடம் அது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் வெள்ளையும் துருவுமாகப் படிந்திருக்கும். அந்தத் துரு ஒரே ஒரு ஓம் தடை காட்டினால்கூடப் போதும், 21 வாட் பல்புக்கு வருகிற 12 வோல்ட்டில் சுமார் ஒன்றரை வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். பல்பின் வெளிச்சம் வோல்டேஜை விட வேகமாகக் குறையும் என்பதால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். பல்பு நல்ல பல்பு, ஒயர் நல்ல ஒயர், ஆனால் மத்தியான வெயிலில் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

இதை நிச்சயம் செய்துகொள்ள சுலபமான வழி ஒன்று உண்டு. பேட்டரியைத் திரும்ப மாட்டி, இண்டிகேட்டரைப் போட்டு, ஒரு துண்டு ஒயரை எடுத்து ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்பிலும் வைத்துத் தொடுங்கள். பல்பு சட்டென்று பளிச்சிட்டால் குற்றவாளி அந்த எர்த் போல்ட்தான். மல்டிமீட்டர் இருந்தால், பல்பு எரியும்போது ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல எர்த். அதைத் தாண்டினால் வளையத்தையும் பாடியையும் இரும்பு மின்னும்வரை தேய்த்து, போல்ட்டை நன்றாக முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸோ வாசலினோ தடவிவிடுங்கள். முடுக்கின பிறகு தடவ வேண்டும், உள்ளே அல்ல.

கடற்கரையோரம் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும். இந்த எர்த் போல்ட்களை மழைக்கு முன்னால் ஒரு தடவை திறந்து தேய்த்துவிட்டால் பாதி எலெக்ட்ரிக் செலவு மிச்சம். உப்புக்காற்று இரும்பையும் செம்பையும் சும்மா விடாது.

சார், இரண்டு பக்கமும் இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை, ஆனால் ஹசார்ட் பட்டனை அழுத்தினால் நான்கும் அழகாக எரிகிறது. எப்படி? (வியாசர்பாடி வாசகர்)

நல்ல செய்திதான். நான்கு பல்பும், அவற்றின் ஒயரும், பிளாஷரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். ஹசார்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக வரும், சாவி இல்லாமலே எரிய வேண்டுமே. இண்டிகேட்டருக்கு சாவி போட்ட பிறகுதான் வரும், வேறு பியூஸ் வழியாக. அந்தப் பியூஸைப் பாருங்கள். பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போன பியூஸுக்கு அதே நிறத்தைத்தான் போட வேண்டும். ஒயர் துண்டோ, சிகரெட் பெட்டி வெள்ளித்தாளோ வைத்து ஓட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அடுத்த முறை பியூஸுக்குப் பதில் ஒயர் கட்டு எரியும், அது டேஷ்போர்டுக்குள்ளே எரியும்.

பியூஸ் நன்றாக இருந்தால் ஹசார்ட் பட்டனைச் சந்தேகப்படுங்கள். பழைய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டருக்குப் போகிற கரண்ட் இந்தப் பட்டனுக்குள் புகுந்துதான் போகும். வருடக்கணக்கில் யாரும் அழுத்தாத பட்டன் என்றால் உள்ளே தகடு கறுத்திருக்கும். இருபது தடவை டக் டக்கென்று அழுத்தி எடுத்துவிட்டுப் பாருங்கள், பலருக்கு அதிலேயே உயிர் வந்துவிடும். வந்தாலும் அது தற்காலிகம், பட்டனை மாற்றிவிடுவது நல்லது. மாற்றியும் சரியாகவில்லை என்றால் அப்போது காம்பினேஷன் ஸ்விட்சைப் பற்றிப் பேசலாம்.

நான் இப்போதுதான் கார் ஓட்டப் பழகியிருக்கிறேன். வலது பக்கம் திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டர் லீவர் தானாகத் திரும்புவதில்லை. யூடியூப்பில் பார்த்து ஸ்டீயரிங்கைக் கழற்றிச் சரிசெய்யலாமா? (பெரம்பூர் வாசகி)

வேண்டாம் அம்மா. ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது, அதை அனுபவம் இல்லாமல் தொடக் கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர், அதாவது ஒயர்களை இணைக்கிற பிளக், எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் வீட்டில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் விதி. லீவரைத் திருப்பிவிடுகிற சின்னப் பிளாஸ்டிக் நாக்கு ஸ்விட்சுக்குள் உடைந்திருக்கும், மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்விட்சை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை திரும்பி முடித்ததும் கையால் எடுத்துவிட மறக்காதீர்கள். இண்டிகேட்டர் எரிந்துகொண்டே நேராகப் போகிற காரை நம்பி டூவீலர்காரர் குறுக்கே வந்துவிடுவார், தப்பு அவர் மேல் இருக்காது.

பையன் ஆசைப்பட்டு நான்கு இண்டிகேட்டருக்கும் எல்இடி பல்பு வாங்கிப் போட்டான். இப்போது மின்னல் மாதிரி அடிக்கிறது. கடையில் ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

ஐயா, முதல் பதிலில் சொன்ன அதே காரணம்தான். எல்இடி எடுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி, பல்பு போய்விட்டது என்று பிளாஷர் நினைத்துக்கொள்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ரெசிஸ்டர் போட்டால் வேகம் குறையும், உண்மை. ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். கடையில் கொடுப்பது பெரும்பாலும் 6 ஓம், 50 வாட். 12 வோல்ட்டில் அது 24 வாட்டை வெறும் சூடாக மாற்றும், அதாவது நீங்கள் கழற்றிய பழைய பல்பு எடுத்த கரண்டைவிடக் கொஞ்சம் கூடவே எடுக்கும். சிக்னலில் காத்திருக்கிற நேரத்திலேயே கை வைக்க முடியாத சூடு வந்துவிடும். அதைப் பம்பரின் பிளாஸ்டிக்கிலோ ஒயர் கட்டிலோ டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்கள், அது நெருப்பை விலைக்கு வாங்குகிற வேலை. போட்டே தீருவேன் என்றால் இரும்புப் பாடியில் ஸ்குரூ போட்டு, ஒயரும் பிளாஸ்டிக்கும் தொடாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும்.

அதைவிட நல்ல வழி, பிளாஷர் ரிலே தனியாக இருக்கிற காராக இருந்தால், எல்இடிக்கென்றே வருகிற எலெக்ட்ரானிக் பிளாஷரை வாங்கி மாட்டுவது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். மூன்று கால் உள்ளதில் 49 என்றால் கரண்ட் வருகிற கால், 49a என்றால் பல்புக்குப் போகிற கால், 31 என்றால் எர்த். சில ரிலேயில் B, L, E என்று போட்டிருக்கும். கால்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பழையதைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். புதிய கார்களில் தனி ரிலேயே இருக்காது, பாடி கன்ட்ரோல் யூனிட் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றையும் பார்க்கும், அங்கே இந்த வழி இல்லை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால் பழைய பல்புகளையே திரும்பப் போட்டுவிடுங்கள். லைட்டுக்குள் இருக்கிற ரிஃப்ளெக்டர் பல்பின் இழை ஒரே புள்ளியில் எரியும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. மலிவான எல்இடி பல்பு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். வீட்டு வாசலில் இருட்டில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், பகல் வெயிலில் இருபதடி தள்ளி நிற்கிற லாரிக்காரருக்குத் தெரியாது. பையனிடம் இதைக் காட்டிப் புரியவையுங்கள், மத்தியானம் அவனையே காருக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லி, ஒரு பக்கம் பழைய பல்பும் ஒரு பக்கம் எல்இடியும் போட்டு ஹசார்டை அழுத்துங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார் கதவு உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது, தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. இஞ்சின் வேலையெல்லாம் முடித்தாயிற்று. பின்பக்க வலது லைட்டுக்குள் இன்னும் நீர்த்துளி நிற்கிறது, இண்டிகேட்டர் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை. (எர்ணாவூர் வாசகர்)

அந்த எண்ணெய்த் தண்ணீர் உங்கள் பகுதியை என்ன பாடு படுத்தியது என்று தெரியும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போய் அதன் பிடிப்பு போய்விடும். லைட்டுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் கேஸ்கெட்டைத் தொட்டுப் பாருங்கள், கொழகொழவென்று இருந்தாலோ வெடித்திருந்தாலோ அதுதான் தண்ணீர் வருகிற வழி. லைட்டைக் கழற்றி, ஹோல்டர்களை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். லைட்டின் அடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சேறு அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிடுங்கள். சிலிகான் பூசுகிற சிலர் அந்த ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள், அப்புறம் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லை.

விட்டு விட்டு வருவதற்குக் காரணம் லைட்டில் மட்டும் இருக்காது. பின்னால் போகிற ஒயர் கட்டு கதவுப் படியின் ஓரமாக, கார்பெட்டுக்கு அடியில்தான் போகும். கதவு உயரம் தண்ணீர் நின்றதென்றால் அங்கே நாள்கணக்கில் ஈரம் தங்கியிருக்கும். படியின் பிளாஸ்டிக்கை எடுத்து, வலது பக்கம் முழுக்கக் கார்பெட்டைத் தூக்கி, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பின்களைப் பாருங்கள். பச்சை பிடித்த பின் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தேய்க்கலாம், ஆனால் பின் அரித்து மெலிந்து போயிருந்தால் கப்ளரையே மாற்றச் சொல்லுங்கள். ஒயரின் செம்பு உள்ளே கறுத்திருந்தால் செம்பு சிவப்பாகத் தெரிகிற இடம்வரை வெட்டிவிட்டுப் புது ஒயர் சேர்க்க வேண்டும். வெறும் முறுக்கு போட்டு டேப் சுற்றினால் அடுத்த மழையில் மறுபடி இதே கேள்வியோடுதான் வருவீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து மேலே சூட்டில் சுருங்குகிற டியூப் போடச் சொல்லுங்கள்.

மூலக்கடை சந்திப்பில் நேராகப் போகிறவர்கள் ஹசார்ட் போட்டுக்கொண்டு போகிறார்களே, அது சரியா? (கொடுங்கையூர் வாசகர்)

சரியே இல்லை. உங்கள் இடது பக்கம் ஒரு பஸ் நின்றால் அதற்கு அந்தப்புறம் இருப்பவருக்கு உங்கள் காரின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும். அந்த மூலையில் அடிக்கிற விளக்கு அவருக்கு வெறும் இண்டிகேட்டர், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். பல கார்களில் ஹசார்ட் எரியும்போது இண்டிகேட்டர் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. கொட்டுகிற மழையில் ஓட்டிக்கொண்டே ஹசார்ட் போடுவதும் இதே தப்புதான், மழைக்கு ஹெட்லைட் போடுங்கள்.

பிரேக் மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. பல்பு மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. (தண்டையார்பேட்டை வாசகர்)

எர்த் போய்விட்டது. பிரேக் பல்புக்கு வந்த கரண்ட் எர்த்துக்குப் போக வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றி, முன்பக்கப் பல்பின் எர்த்தைத் தேடிக்கொண்டு போகிறது, அதனால்தான் இரண்டும் மங்கலாக எரிகிறது. இரட்டை இழைப் பிரேக் பல்பை யாராவது திருப்பி அழுத்திப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அதன் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது, சரியான பக்கம் மட்டும்தான் தானாக உட்காரும். மற்றபடி மேலே திருவொற்றியூர் தம்பிக்குச் சொன்ன அதே டிக்கி போல்ட்தான். திறந்து தேய்த்துவிட்டு என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.